சம்மட்டியும் 24 ஜியோஃபோனும்: செட்டிநாட்டுப் பொட்டலில் மண்ணைத் தட்டிப் படிக்க

ஆத்தங்குடிக் கல் பதித்து முடித்த தரையில் கொத்தனார் குனிந்தபடி நடந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். கரணையின் பிடியால் ஒவ்வொரு கல்லிலும் ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் அடியில் கலவை நிறைந்திருக்கிறது. 'டொப்' என்றால் உள்ளே காலி, பெயர்த்து மறுபடி பதிக்க வேண்டும். கல்லுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை அவர் தோண்டாமலே சொல்லிவிடுகிறார்.

நாம் செய்யப்போவதும் தட்டிப் பார்க்கிற வேலைதான். அவர் ஓசையின் தன்மையைக் கேட்கிறார். நாம் அது வந்து சேரும் நேரத்தை அளக்கிறோம். கரணைக்குப் பதில் 8 கிலோ சம்மட்டி, காதுக்குப் பதில் வரிசையாக நட்ட 24 ஜியோஃபோன்கள், அதாவது மண்ணின் அதிர்வை மின்சாரமாக மாற்றித் தரும் சிறு கருவிகள்.

புவியமைப்பியல் படிக்கத் தொடங்கி, துறையின் கருவியை முதல் முறையாகக் களத்துக்குத் தூக்கிப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு நாள் வேலை. மேல்மண் எத்தனை அடி, கெட்டியான அடுக்கு எத்தனை அடியில் தொடங்குகிறது, அது எவ்வளவு கெட்டி என்பதெல்லாம் மாலைக்குள் தெரிந்துவிடும். தண்ணீர் எங்கே என்று இது நேரடியாகச் சொல்லாது. அதற்கு மின்தடை முறை பொருத்தமானது. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்க்கிறவரோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை. ஆனால் நீங்கள் கேபிளை விரித்தவுடன் ஊர்க்காரர்கள் உங்களையும் அந்தக் கணக்கில்தான் சேர்ப்பார்கள். முதலிலேயே விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

எந்த அலை முந்துகிறது

சம்மட்டி இரும்புத் தகட்டில் விழும்போது பல அலைகள் கிளம்புகின்றன. நமக்கு வேண்டியது முதலில் வந்து சேரும் பி அலை. மண்ணை அமுக்கியும் தளர்த்தியும் ஓடுவது அது. அடுத்து வரும் எஸ் அலை மண்ணைக் குறுக்கே அசைத்துப் போகிறது. மேற்பரப்பு அலை எல்லாவற்றுக்கும் பின்னால் பெரிதாக ஆடிக்கொண்டு வரும். இந்த மூன்றையும் நிலநடுக்கப் பதிவுகளில் முதலில் பிரித்துக் காட்டியவர் ரிச்சர்ட் ஓல்டம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் இருந்தவர், 1897 அசாம் நிலநடுக்கத்தை ஆராய்ந்தவர். பூமிக்கு நடுக்கரு ஒன்று உண்டு என்று 1906இல் இதே அலைகளை வைத்துச் சொன்னவரும் அவர்தான்.

ஒரே வீட்டிலிருந்து அண்ணனும் தம்பியும் சைக்கிளில் கிளம்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தம்பி நேராக மணல் பாதையில் மிதிக்கிறான். அண்ணன் சற்றுத் தள்ளியிருக்கும் தார்ச்சாலைக்குப் போய் ஏறி, அங்கே வேகமாகப் போய், கடைசியில் இறங்கி வருகிறான். போகிற இடம் அடுத்த தெரு என்றால் தம்பிதான் முதலில் வருவான். எட்டு மைல் என்றால் அண்ணன், சுற்றி வந்தாலும். இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு தூரத்தில் இருவரும் ஒன்றாக வந்து சேருவார்கள். இருவருடைய வேகமும் அந்தத் தூரமும் தெரிந்தால், தார்ச்சாலை வீட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடலாம்.

மணல் பாதை மேல்மண். தார்ச்சாலை அடியில் உள்ள கெட்டி அடுக்கு. இதற்கு விலகல் முறை என்று பெயர். அலை கீழே போய்ப் பட்டு எதிரொலித்து மேலே வருவதைப் பிடிப்பது வேறு முறை. எண்ணெய், எரிவாயு தேடுகிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். நமக்கு அந்த ஆழமும் வேண்டாம், செலவும் வேண்டாம்.

இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. தார்ச்சாலை மணல் பாதையைவிட வேகமாக இருந்தால்தான் அண்ணன் முந்துவான். அதாவது, கீழே போகப்போக அடுக்குகளின் வேகம் கூடிக்கொண்டே போனால்தான் இந்த முறை பலிக்கும். செட்டிநாட்டில் இது எப்போதும் நடப்பதில்லை. அதைப் பிறகு சொல்கிறேன். இப்போதைக்கு நினைவில் வைத்திருங்கள்.

பெட்டியைத் திறக்கும் முன் கிணற்றை எட்டிப் பாருங்கள்

நான் பார்த்த எந்தப் பாடப் புத்தகமும் இதை முதல் படியாகச் சொல்லவில்லை. நான் சொல்கிறேன்.

இந்த வட்டாரத்தின் மேற்கும் வடக்கும் கருங்கல் பூமி. திருமயம் கோட்டை உட்கார்ந்திருக்கும் பாறை, பிள்ளையார்பட்டியில் குடைவரை குடைந்த குன்று, குன்றக்குடி மலை எல்லாம் அந்தப் பழைய பாறை தலையை நீட்டும் இடங்கள். கிழக்கே போகப்போக அதே பாறை அடியில் அமிழ்ந்துவிடுகிறது. அதன்மேல் மணற்கல்லும் களியும் வண்டலும் தடித்துக்கொண்டே கடல்வரை போகின்றன. இரண்டின் மேலும் பல இடங்களில் செம்புராங்கல் (லேட்டரைட்) ஒரு போர்வை போலப் படர்ந்திருக்கிறது. பிள்ளையார்பட்டியிலிருந்து காரைக்குடிக்கு மினி பஸ்ஸில் போகிற நேரத்துக்குள் தரைக்குக் கீழே கதை மாறிவிடும்.

அதனால் கோடு போடப்போகும் இடத்துக்கு அருகில் உறைபோடாத பழைய கிணறு இருந்தால் முதலில் அங்கே போங்கள். ஒரு நல்ல டார்ச், ஒரு நீளக் கயிறு போதும். கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி இறக்கி, நிறம் மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். மேலே செம்மண், பிறகு ஓட்டை ஓட்டையான செம்புராங்கல், அதற்கும் கீழே வெளிறிய களி, பிறகு சிதைந்த பாறை என்று ஓர் அடுக்குமுறை கிடைக்கும். தண்ணீர் மட்டத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கிணறு இல்லையா? செம்புராங்கல் வெட்டிய குழி, கரை சரிந்த ஊருணி, சாலைக்காக அறுத்த மேடு, எது கிடைத்தாலும் சரி. கிணறு வெட்டுகிறவர்கள் இருந்தால் அவர்களோடு ஒரு டீ குடியுங்கள். எத்தனை அடியில் கடப்பாரை நின்றது என்பது அவர்களுக்கு மனப்பாடம்.

அனுமதி

நிலத்துக்காரரிடம் கேட்பது போதாது. பக்கத்து நிலத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து 2017இல் நடந்த போராட்டம் இந்தப் பக்கத்து மக்களுக்கு நன்றாக நினைவிருக்கிறது. மஞ்சள் கேபிள், கருவிப் பெட்டி, தொப்பி போட்ட நாலு பேர் என்றால் சந்தேகம் வருவது நியாயம்தான். ஒருமுறை நாங்கள் கேபிள் விரித்துக்கொண்டிருந்தபோது வரப்பில் நின்ற ஓர் ஆச்சி கேட்டார்: "ஏன் தம்பி, எண்ணெயா எடுக்கப் போறீக?"

"இல்ல ஆச்சி, பாறை எத்தனை அடியில இருக்குன்னு பாக்குறோம். தோண்டவே மாட்டோம்."

"தோண்டாம எப்படித் தெரியும்?"

சம்மட்டியைக் கையில் கொடுத்து ஓர் அடி அடிக்கச் சொல்லித் திரையைக் காட்டினோம். அதற்குப் பிறகு கேபிளை ஆடு மிதிக்காமல் பார்த்துக்கொண்டது அவர்தான். விளக்கத்தைவிடத் திரை நன்றாகப் பேசும்.

சாமான்கள்

12 அல்லது 24 தடம் கொண்ட சீஸ்மோகிராஃப்; அதிர்வைப் பதிந்து திரையில் காட்டும் பெட்டி, ஒரு ஜியோஃபோனுக்கு ஒரு தடம். அதற்கு ஒரு 12 வோல்ட் கார் பேட்டரி. முந்தின நாள் இரவே சார்ஜ் போட்டுவிடுங்கள். ஜியோஃபோன்கள்; ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு காந்தம், அதைச் சுற்றி ஸ்பிரிங்கில் தொங்கும் கம்பிச்சுருள். தரை அசைந்தால் காந்தம் அசையும், சுருள் தயங்கி நிற்கும், மின்சாரம் பிறக்கும். விலகல் முறைக்கு 10 அல்லது 14 ஹெர்ட்ஸ் போதும். துறையில் 4.5 ஹெர்ட்ஸ் இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள், காரணம் கடைசியில். கேபிள், 50 மீட்டர் டேப், சம்மட்டி, கனமான இரும்புத் தகடு, சம்மட்டிப் பிடியில் கட்டும் ட்ரிக்கர். அப்புறம் கடப்பாரை, ஒரு குடம் தண்ணீர், ஒரு சாக்கு களிமண், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, வரைபடத் தாள், பென்சில். அரிவாளும் எடுத்துக்கொள்ளுங்கள். சீமைக்கருவேலம் இல்லாத 50 மீட்டர் நேர்கோடு இங்கே லேசில் கிடைக்காது.

கோடு போடுதல்

தரை கூடியவரை சமமாக இருக்கட்டும். சாலை, மின்மாற்றி, ஓடும் மோட்டார் இவற்றிலிருந்து விலகிப் போங்கள். மின்கம்பிக்குக் கீழே போனால் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் எல்லாத் தடத்திலும் ஏறிவிடும். காற்று இன்னொரு தொல்லை: பனைமரம் ஆடினால் வேர் ஆடும், வேர் ஆடினால் மண் ஆடும். ஆடி மாதத்தில் பத்து மணிக்கு மேல் வேலை செய்ய நினைக்காதீர்கள். விடியற்காலை 6 மணிக்குத் தொடங்கினால் காற்றும் இருக்காது, கோவில் ஒலிபெருக்கி ஓய்ந்திருந்தால் இன்னும் நல்லது.

டேப்பை விரித்து 2 மீட்டருக்கு ஒரு ஜியோஃபோன். 24 நட்டால் முதலுக்கும் கடைசிக்கும் இடையே 46 மீட்டர். அடிக்கும் இடத்திலிருந்து கடைசி ஜியோஃபோன்வரை உள்ள தூரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு ஆழம்வரை தெரியும் என்பது கள வழக்கு. முதல் ஜியோஃபோனுக்கு 2 மீட்டர் தள்ளி அடித்தால் அந்தத் தூரம் 48 மீட்டர்; அதற்குச் சுமார் 10 மீட்டர் ஆழம், அதாவது 30 அடிக்கு மேல் கொஞ்சம். இன்னும் ஆழம் வேண்டுமானால் கோட்டுக்கு வெளியே 20 மீட்டர் தள்ளிப்போய் அடியுங்கள்.

குறைந்தது ஐந்து இடத்தில் அடிக்க வேண்டும்: இரண்டு முனைகள், நடு, இரண்டு பக்கமும் வெளியே தள்ளி ஒவ்வொன்று. ஒரு முனையில் மட்டும் அடித்துவிட்டு வீட்டுக்கு வந்தவர்கள் மறுபடி போக வேண்டியிருந்திருக்கிறது. அவர்களில் நானும் ஒருவன்.

ஜியோஃபோன் நடுவது

நாளின் பாதி வெற்றி இங்கேதான் இருக்கிறது. பாடப் படத்தில் ஜியோஃபோனை ஒருவர் காலால் மிதித்து மெத்தென்ற புல்தரையில் இறக்குவார். செம்புராங்கல் சரளையில் அப்படி மிதித்தால் முள் வளையும், அல்லது ஒரு கூழாங்கல்லின்மேல் சாய்ந்து நிற்கும். சாய்ந்து நிற்பது மண்ணோடு ஆடாது, தனியாக ஆடும்.

இப்படிச் செய்யுங்கள். மேலே உள்ள சருகையும் தூசியையும் காலால் தள்ளுங்கள். கடப்பாரையால் ஒரு சாண் ஆழத்துக்கு சிறு குழி. அதில் பிசைந்த களிமண்ணை அரைவாசி நிரப்பி, ஜியோஃபோன் முள்ளை அதற்குள் அழுத்துங்கள். தலை நேராக இருக்கிறதா என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். விரலால் லேசாக ஆட்டினால் ஆடக்கூடாது. புளியமரத்து வேர்போல நிற்க வேண்டும். சுற்றிலும் மண்ணை அமுக்கி, கேபிளைத் தளர்வாக விடுங்கள். இழுத்துக் கட்டிய கேபிள் காற்றில் அதிர்ந்து அந்த அதிர்வை ஜியோஃபோனுக்கே கொடுக்கும்.

24ஐயும் நட்ட பிறகு ஒருவர் கோட்டோடு நடந்துபோய் ஒவ்வொன்றின் அருகிலும் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டட்டும். இன்னொருவர் திரையைப் பார்க்கட்டும். 7ஆம் எண்ணின் அருகில் தட்டும்போது 7ஆம் கோடு துள்ள வேண்டும். 8 துள்ளினால் கேபிள் மாறியிருக்கிறது. எதுவும் துள்ளாவிட்டால் கவ்வியில் துரு.

அடிப்பது

தகட்டின் கீழே ஒரு கை ஈர மணல் போட்டு அமர்த்துங்கள். வெறும் செம்புராங்கல் மேல் வைத்தால் தகடு எகிறும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், இரும்பில் இரும்பு பட்டால் சில்லு தெறிக்கும். சம்மட்டித் தலை ஆடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அடிப்பவர் "ரெடி" என்றதும் எல்லோரும் சிலையாக நிற்க வேண்டும். ஓர் அடி, திரும்பத் தகட்டில் துள்ளாமல். ட்ரிக்கர் அந்த நொடியில் கருவியைத் தொடக்கிவிடும். ஒரே இடத்தில் பல அடிகளைக் கூட்டிச் சேர்ப்பதற்கு ஸ்டாக்கிங் என்று பெயர். நம் அலை ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில் வரும், இரைச்சல் கண்டபடி வரும்; கூட்டக்கூட நம்முடையது வளரும், இரைச்சல் ஒன்றையொன்று தின்றுகொள்ளும். 4 அடிக்கு 2 மடங்கு தெளிவு, 9 அடிக்கு 3 மடங்கு. 16 அடித்தால்தான் 4 மடங்கு, அதற்குள் தோள்பட்டை சொல்லிவிடும். நான் 6 முதல் 10க்குள் நிறுத்திவிடுவேன். நடுவில் லாரி போனால் அந்த அடியைச் சேர்க்காதீர்கள். அழித்துவிட்டு மறுபடி அடியுங்கள்.

பதிவு நீளம் 250 மில்லி விநாடி, மாதிரி எடுக்கும் இடைவெளி 0.25 மில்லி விநாடி வைத்தால் இந்த வேலைக்குப் போதும்.

ட்ரிக்கரை நம்பாதீர்கள். பிடியில் சுற்றிய டேப் தளர்ந்தால் அது சில மில்லி விநாடி தாமதமாகச் சொல்லும், எல்லா நேரங்களும் ஒரே அளவு தப்பாகும், ஆனால் படம் அழகாகவே இருக்கும். முதல் அடிக்கு முன்பு ஒரு ஜியோஃபோனைத் தகட்டை ஒட்டி நட்டுப் பாருங்கள். அது பூச்சியத்தில் துள்ள வேண்டும்.

திரையைப் படிப்பது

24 கோடுகள் அமைதியாக ஓடும். ஒவ்வொன்றும் ஓர் இடத்தில் முதன்முதலாகச் சிலிர்க்கும். அந்த இடம்தான் முதல் வருகை. அதற்குப் பின்னால் வரும் பெரிய ஆட்டமெல்லாம் இன்றைக்கு வேண்டாம். பெரிதாகத் தெரிகிறது என்று அதில் குறி வைக்காதீர்கள். புதியவர்கள் செய்யும் முதல் தவறு அது.

இரண்டாவது தவறு காற்று. சம்மட்டியின் ஓசை காற்று வழியாகவும் ஜியோஃபோனுக்குப் போகும். 30 டிகிரி வெயிலில் ஒலியின் வேகம் விநாடிக்கு 349 மீட்டர். உலர்ந்த மேல்மண்ணின் வேகமும் 300 முதல் 600 வரைதான். ஆகவே முதல் அடுக்கு 350 என்று கணக்கு வந்தால் சற்று நில்லுங்கள். நீங்கள் அளந்தது மண்ணையா, காற்றையா? ஜியோஃபோன்களை இன்னும் கொஞ்சம் புதைத்து அடித்துப் பாருங்கள். காற்று வழி வருவது கூர்மையான, சடக்கென்ற துடிப்பாக இருக்கும்.

இப்போது வரைபடத் தாள். மென்பொருள் இருக்கலாம், முதல் பத்துப் பதிவுகளையாவது கையால் வரையுங்கள். கிடைக்கோட்டில் தூரம், நிலைக்கோட்டில் நேரம். ஒரு பதிவு இப்படி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

4 மீட்டரில் 10 மில்லி விநாடி
8 மீட்டரில் 20
12 மீட்டரில் 30
16 மீட்டரில் 38
20 மீட்டரில் 40
30 மீட்டரில் 45
40 மீட்டரில் 50

12 மீட்டர்வரை ஒரு செங்குத்தான கோடு. 4 மீட்டருக்கு 10 மில்லி விநாடி என்றால் வேகம் விநாடிக்கு 400 மீட்டர். தம்பி மணலில் மிதிக்கிறான். 16க்குப் பிறகு கோடு படுத்துவிடுகிறது. 10 மீட்டருக்கு 5 மில்லி விநாடி, அதாவது 2,000 மீட்டர். அண்ணன் தார்ச்சாலையில் போகிறான். ஸ்கேலை வைத்து இரண்டு கோடுகளையும் நீட்டினால் 15 மீட்டரில் வெட்டிக்கொள்கின்றன. இருவரும் ஒன்றாக வந்து சேரும் தூரம் அதுதான்.

வே1 மேல் அடுக்கின் வேகம், வே2 கீழ் அடுக்கின் வேகம் என்று வைத்தால்:

ஆழம் = வெட்டும் தூரத்தில் பாதி × √((வே2 − வே1) ÷ (வே2 + வே1))

7.5 × √(1,600 ÷ 2,400) = 7.5 × 0.816 = 6.1 மீட்டர். 20 அடி.

சரிபார்க்க இன்னொரு வழி: படுத்த கோட்டைப் பின்னோக்கி நீட்டினால் அது நேரக் கோட்டை 30 மில்லி விநாடியில் தொடும். அந்த நேரத்தில் பாதியை (வே1 × வே2 ÷ √(வே2² − வே1²)) ஆல் பெருக்குங்கள். அதே 6.1 வரும். வரவில்லை என்றால் கோடு போட்டதில் பிழை. இந்த இடத்தில் முதல் வருகையை 1 மில்லி விநாடி தள்ளிக் குறித்தால் ஆழத்தில் 20 செ.மீ. மாறும், அவ்வளவுதான், கை நடுங்க வேண்டாம்.

1909 அக்டோபரில் ஜாக்ரெப் அருகே நிலநடுக்கம் வந்தபோது அந்திரியா மொகரோவிச்சிச் செய்ததும் இதே கணக்குதான். தொலைவான நிலையங்களில் இரண்டு பி அலைகள் வந்திருப்பதைப் பார்த்தார். ஒன்று பூமியின் மேலோட்டின் வழியாக, இன்னொன்று அதற்கடியில் உள்ள வேகமான மூடகத்தின் வழியாக. 35 கிலோமீட்டர் தடித்த ஓடு, மேலே விநாடிக்கு 6 கிலோமீட்டர், கீழே 8 என்று அதே சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள், வெட்டும் தூரம் சுமார் 185 கிலோமீட்டர் வரும். நமக்கு 15 மீட்டர். சம்மட்டிக்குப் பதில் நிலநடுக்கம். இந்தியாவில் 1970களில் ஆந்திரத்துக் காவலியிலிருந்து உடுப்பிவரை, பிறகு குப்பத்திலிருந்து பழனிவரை, ஆழத்தைப் பார்க்கக் கோடு போட்டவர்கள் வெடிவைத்தார்கள்.

மறுமுனையிலிருந்து

இரண்டு முனைப் பதிவையும் ஒரே தாளில் வரையுங்கள். ஒரு சோதனை: மேற்கு முனையில் அடித்து கிழக்கு முனைக்கு வர ஆன நேரமும், கிழக்கில் அடித்து மேற்குக்கு வர ஆன நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். போகிற வழியும் வருகிற வழியும் ஒன்றுதானே. மாறியிருந்தால் ட்ரிக்கரையோ உங்கள் குறியையோ சந்தேகப்படுங்கள்.

கீழ் அடுக்கின் வேகம் மேற்கிலிருந்து 1,800 என்றும் கிழக்கிலிருந்து 2,250 என்றும் வந்தால் அடுக்கு கிழக்கே சரிகிறது என்று பொருள். இறக்கத்தில் போகும் அலை தாமதமாகத் தெரியும், ஏற்றத்தில் வேகமாகத் தெரியும். உண்மை வேகத்துக்கு இரண்டையும் பெருக்கி, மறுபடி 2ஆல் பெருக்கி, கூட்டுத்தொகையால் வகுங்கள்: 2,000. சரிவு லேசாக இருக்கும்வரை இது போதும்.

வேகத்துக்குப் பெயர் வைப்பது

நீர் தோய்ந்த மணலும் மண்ணும் 1,500 முதல் 1,800. சிதைந்த பாறை 1,000 முதல் 2,500. சிதையாத கருங்கல் 4,500 முதல் 6,000. முதல் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதைக் கவனியுங்கள். 1,600 என்று வந்தால் அது பாறையின் தொடக்கமாகவும் இருக்கலாம், வெறும் தண்ணீர் மட்டமாகவும் இருக்கலாம். எண்ணைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. காலையில் கயிறு இறக்கிக் குறித்த கிணற்று மட்டத்தைப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்னும் பின்னும் ஒரே கோட்டில் அடித்து, அடுக்கு மேலேறியிருந்தால் அது தண்ணீர். பாறை ஏறி இறங்காது.

செம்புராங்கல் வைக்கும் பொறி

முன்பு சொன்ன நிபந்தனைக்கு வருகிறேன். செம்புராங்கல் காற்றுப்பட்டு இறுகிய ஓடு. அதற்குக் கீழே பல இடங்களில் வெளிறிய மெத்தென்ற களி. அதாவது மேலே வேகம், நடுவில் மெதுவு, அடியில் பாறையில் மறுபடி வேகம். நடுவில் உள்ள களியில் போன அலை எந்தத் தூரத்திலும் முதலாவதாக வந்து சேராது. வரைபடத்தில் அதற்குக் கோடே இருக்காது. ஆனால் அது நேரத்தைத் தின்றிருக்கும்.

எங்களுக்கு நடந்தது இது. ஒரு தோட்டத்தில் மேல் அடுக்கு 1,200, கீழ் அடுக்கு 3,000, நேரக் கோட்டைத் தொட்ட இடம் சுமார் 22.4 மில்லி விநாடி. புள்ளிகள் ஸ்கேல் வைத்தாற்போல நின்றன. பாறை 48 அடியில் என்று நிமிர்ந்து சொன்னோம். தோட்டக்காரர் அதை நம்பிக் கிணற்று வேலைக்கு ஆள் பேசினார். 13 அடியில் செம்புராங்கல் முடிந்தது. பிறகு வெள்ளைக் களி, மண்வெட்டியே போதும் என்கிற மாதிரி. 30 அடியில் கடப்பாரை 'ணங்' என்றது. பாறை மேலேயே கிடைத்ததில் அவருக்குப் பாதி நாள் கூலி மிச்சம், ஆனால் என் முகத்தை அவர் பார்த்த பார்வை மிச்சமில்லாமல் நினைவிருக்கிறது.

வீட்டுக்கு வந்து கணக்கைத் திருப்பிப் போட்டேன். 4 மீட்டர் செம்புராங்கல் 1,200இல், 5 மீட்டர் களி 600இல், கீழே பாறை 3,000இல் என்று வைத்தால் அதே 22.4 வருகிறது. களி தின்ற நேரத்தையெல்லாம் நாங்கள் செம்புராங்கல்லின் கணக்கில் எழுதியிருந்தோம். அதனால்தான் ஆழம் கூடியது. தோட்டத்து மூலையில் ஒரு பழைய கேணி இருந்தது. நாங்கள் எட்டிப் பார்க்கவில்லை.

பதிவிலும் ஒரு தடயம் இருந்தது. முதல் கோட்டின் சிலிர்ப்பு சில ஜியோஃபோன்களுக்குள்ளேயே சட்டென்று மெலிந்து, பிறகு ஒரு தாவல் தாவிப் படுத்த கோடு தொடங்கியது. இரைச்சல் என்று விட்டுவிட்டோம். அப்படி மெலிந்து தாவினால் அடியில் மெத்தென்ற அடுக்கு இருக்கிறதா என்று கேளுங்கள்.

இதற்கு மாற்று கையிலேயே இருக்கிறது. அதே சம்மட்டி, அதே கோடு, 4.5 ஹெர்ட்ஸ் ஜியோஃபோன். பதிவு நீளத்தை 1 விநாடிக்கு நீட்டி, நாம் வேண்டாம் என்று ஒதுக்கிய மேற்பரப்பு அலையைப் பிடியுங்கள். அதில் வேகமாகத் துடிக்கும் பகுதி மேல்மண்ணில் மட்டும் ஓடுகிறது, மெதுவாகத் துடிக்கும் பகுதி ஆழத்தையும் தொட்டு ஓடுகிறது. துடிப்பு வாரியாக வேகத்தைப் பிரித்தால் நடுவில் உள்ள மெத்தென்ற அடுக்கும் மாட்டிக்கொள்ளும். அதற்கு மென்பொருள் வேண்டும், வரைபடத் தாளில் முடியாது. செம்புராங்கல் பூமியில் நான் இப்போது இரண்டையும் ஒரே நாளில் எடுத்துவிடுகிறேன். கூடுதலாக ஆகிற நேரம் அரை மணிதான்.

கிளம்பும் முன்

குறிப்பேட்டில் கோட்டின் திசை, இரண்டு முனைகளின் இடம், அடித்த இடங்கள், எத்தனை அடி சேர்த்தது, காற்று, கிணற்று அளவு எல்லாம் இருக்கின்றனவா பாருங்கள். கோப்புப் பெயரை மட்டும் நம்பி வந்தால் மறுநாள் எது கிழக்கு என்று தெரியாது. ஜியோஃபோன்களைக் கேபிளைப் பிடித்து இழுக்காமல் தலையைப் பிடித்துத் திருகி எடுங்கள், ஒட்டிய களியை அங்கேயே கழுவிவிடுங்கள். குழிகளை மூடுங்கள், மாடு கால் வைத்தால் முறியும். பிறகு பெட்டியில் வைக்கும்போது சத்தமாக எண்ணுங்கள். 23தான் வரும். சீமைக்கருவேலத்தின் அடியில் போய்ப் பாருங்கள், அங்கே ஒன்று நின்றுகொண்டிருக்கும்.